காரணம், ஒரு வரியில்

படிவத்தின் கடைசிக் கட்டம் அரை விரல் அகலம்.
நூலின் பெயருக்கும் விலைக்கும் தாராளமாக இடம் விட்டுவிட்டுப்
'பரிந்துரைக்கக் காரணம்' என்பதை
ஓரத்தில் ஒடுக்கி வைத்திருக்கிறார்கள்,
டவுன் பஸ் இருக்கையில் மூன்றாவது ஆள் மாதிரி.

புதுப் படப் புத்தகங்கள் பதினொன்று.
சாக்கில் சுருட்டி எக்ஸெல்லின் முன்னால் வைத்துக்கொண்டு
மூலைக்கரைப்பட்டியிலிருந்து கூந்தன்குளம் போனேன்.
மாசி வெள்ளி, மத்தியானம் ரெண்டு மணி.

ஊருக்கு முன்பே வாடை வந்துவிட்டது.
கருவேலத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள்,
பள்ளிக்கூடத்து வேம்பில் கூழைக்கடா,
என் தோளில் வெள்ளையாய் ஒரு முத்திரை.

நாலாம் வகுப்பு. பதினேழு பேர்.

முதல் புத்தகத்தில் சூரியனுக்குக் காய்ச்சல்.
"அது எப்பவும் சூடாத்தானே சார் இருக்கும்,
எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்றான் செல்வின்.
கதை அங்கேயே முடிந்தது.

இரண்டாவதில் ஓர் ஆமை,
ரெண்டு பக்கத்துக்கு ஒரு நீதி சொல்லும் ஆமை.
ஆறாம் பக்கம் வருவதற்குள்
உடம்பைப் பெஞ்சில் விட்டுவிட்டுப்
பாதிப் பேர் ஜன்னல் வழியே போய்விட்டார்கள்.

மூன்றாவது கெட்டி அட்டை, வழவழத் தாள், முந்நூற்றைம்பது ரூபாய்.
பூநாரை.
முப்பிடாதி விரலை வைத்தாள்: "முட்டு தப்பு."
எனக்குப் புரியவில்லை.
எழுந்து குளத்துத் தண்ணியில் நடப்பதுபோல் நடந்து காட்டினாள்.
"பின்னாலல்லா மடங்கும்."
வரைந்தவர் எந்த ஊரோ.
பூநாரையின் படத்தைப் பார்த்திருக்கிறார்,
பூநாரையைப் பார்த்ததில்லை.

சொல்லே இல்லாத புத்தகம் ஒன்று.
வாய்க்காலில் ஒற்றைச் செருப்பு போகிறது.
இருபத்து நாலு பக்கமும் போகிறது, அவ்வளவுதான்.
ஐந்து தடவை வேண்டியிருந்தது.
மருதகுளம் போனது, சீவலப்பேரி போனது,
கடைசித் தடவை துபாய் போனது,
பிரம்மசக்தியின் அப்பா பெயின்ட் அடிக்கும்
ஏழாவது மாடிக்கு.
அங்கே அவர் அதை எடுத்துத் துடைத்து வைத்தாராம்.
எந்தப் பக்கத்தில் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் தீபாவளிப் புத்தகம்.
மெல்லிசு. அறுபது ரூபாய்.
ஒரு நாய்க்குட்டி, முந்திரிக்கொத்துத் தட்டு,
பட்டன் மாட்டாத புதுச் சட்டை.
பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்,
ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே ராக்கெட்,
சிவப்பும் நீலமும் தாளைத் தாண்டிச் சிதறி

"மூடுங்க சார்."

யாரும் கத்தவில்லை. கிசுகிசுத்தார்கள்.
ஏழெட்டு உள்ளங்கைகள் படத்தின்மேல்.
"குஞ்சு பொரிச்சிருக்கு. முழிச்சிரும்."

இந்த ஊரில் தீபாவளிக்கும் வெடி கிடையாது,
தெரிந்த சங்கதிதான்.
ஆனால் அறுபது ரூபாய்த் தாளில் அச்சடித்த வெடி?
வெளியே வேம்பில் ஏதோ சிறகடித்தது.
பதினேழு தலைகள் திரும்பின.
என் தலையும்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மீதி ஆறையும் பிரிக்க நேரமில்லை.
மணி அடித்ததும் முப்பிடாதி ஓடினாள்,
சத்துணவுச் சட்டியின் அடியிலிருந்து
நாலு பருக்கை கொண்டுவந்தாள்.
நசுக்கித் தேய்த்தார்கள்.
செல்வின் புத்தகத்தின்மேல் உட்கார்ந்துகொண்டான்,
எடை வேண்டுமாம்.

இப்போது இரவு. படிவம்.

ஆமை: வேண்டாம். பேசிக்கொண்டே இருக்கிறது.
பூநாரை: வேண்டாம். முட்டு.
சூரியன்: செல்வினுக்குப் பதில் கிடைத்த பிறகு.
செருப்பு: நாலு பிரதி. காரணம், துபாய். (அடித்துவிட்டேன்.
'கற்பனைத் திறன் வளரும்' என்று எழுதினேன். கட்டத்தில் அடங்கியது.)

தீபாவளி: மூன்று பிரதி.
காரணம்: சத்தம் கேட்டது.

பின்குறிப்பு, அலுவலர் பார்வைக்கு:
ஒரு பிரதியில் பக்கம் 12, 13 ஒட்டியிருக்கும்.
சேதம் என்று பதிய வேண்டாம்.
ஆடியில் பறவைகள் கிளம்பினதும்
தண்ணி தொட்டு அவங்களே பிரிச்சுக்கிடுவாங்களாம்.